கார்ல் பிளாகெ: நாஜி கட்சியில இருந்துக்கிட்டே யூதர்கள காப்பாத்துன ஜெர்மன் மேஜர், இவர எப்படிப் புரிஞ்சுக்கிறது?

காகிதக்கப்பல் கேட்டது:

ரெண்டு வாரமா இந்த ஒரு ஆளப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன், மனசு ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது, அதான் இங்க கேக்குறேன். மேஜர் கார்ல் பிளாகெ, ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் ஊர்க்காரர், ரெண்டாம் உலகப்போர்ல லிதுவேனியாவோட வில்னியஸ்ல ராணுவ வண்டிகள ரிப்பேர் பண்ற யூனிட்டுக்கு கமாண்டரா இருந்தவரு. அங்க வேலைக்கு வச்சிருந்த யூதர்கள்ல 250 பேருக்கு கிட்ட உயிரோட தப்பிச்சதுக்கு இவருதான் காரணம்னு சொல்றாங்க, 2005ல இஸ்ரேல்ல இருக்குற யூத இனப்படுகொலை நினைவு மையம் யாத் வாஷெம், யூதர்கள காப்பாத்துன மத்த மக்களுக்குக் குடுக்குற நீதிமான்ங்கிற பட்டத்தையும் இவருக்கு குடுத்துருக்கு.

எனக்கு இடிக்கிறது மூணு விஷயம். ஒண்ணு, இவரு நாஜி கட்சியில சேந்தது 1931ல, அப்போ ஹிட்லர் ஆட்சிக்கே வரல, யாரும் கழுத்துல கத்தி வச்சு சேரச் சொல்லல, தானாத்தான் போய் சேந்துருக்காரு. ரெண்டாவது, இவரோட யூனிட் ரிப்பேர் பண்ணிக் குடுத்த லாரியெல்லாம் திரும்ப கிழக்குப் போர்முனைக்குத்தான் போச்சு, அந்தப் படை அங்க என்னென்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும். மூணாவதுதான் புரியவே மாட்டேங்குது, 1947ல இவர விசாரிச்சப்போ பொழைச்சு வந்தவங்க பக்கத்துல இருந்தே சாட்சி வந்துருக்கு, கோர்ட்டு முழுசா விடுவிக்கத் தயாரா இருந்துச்சாம், ஆனா இவரு தனக்கு அது வேணாம், என்ன கூட்டத்தோட போனவன்னே எழுதிக்கோங்கன்னு கேட்டு வாங்கிருக்காரு. ஏன் ஒருத்தர் அப்படி கேக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்களேன்.

பழையவரைபடம் சொன்னது:

நல்ல கேள்வி ப்ரோ, நானும் இவரு பின்னாடி ரொம்ப நாளா அலைஞ்சிருக்கேன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

பிளாகெ பொறந்தது 1897. முதல் உலகப்போர்ல சோம், வெர்டூன், ஃபிளாண்டர்ஸ்னு எல்லா எடத்துலயும் சண்ட போட்டுட்டு 1917ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட மாட்டி 1920 வரைக்கும் கைதி. அந்த கேம்ப்லதான் போலியோ வந்து ஒரு கால் போச்சு, கடைசி வரைக்கும் சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் நடப்பாரு. திரும்பி வந்து மெடிசின் படிக்க ஆசப்பட்டாரு, வீட்ல காசு இல்ல, என்ஜினியரிங் படிச்சு 1924ல முடிச்சாரு. அந்தக் காலத்து ஜெர்மனி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பணத்துக்கு மதிப்பே இல்லாம போய், அப்புறம் வேலையும் இல்லாம போய், ஹிட்லர் நாட்ட தூக்கி நிறுத்துவாருன்னு நம்பிப் போன லட்சக்கணக்கான படிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். ஆமா, தானாத்தான் போனாரு, அத மூடி மறைக்கவே கூடாது, அவரும் மறைக்கல.

கட்சிக்குள்ள போனதுக்கு அப்புறம் இனக் கொள்கைய பாடமா நடத்தச் சொன்னப்போ ஒத்துக்கல, அதெல்லாம் அறிவியலே இல்லன்னாரு, யூதர்களோட பழகுறான்னு புகார் வந்து 1935ல கட்சியில வகிச்ச பொறுப்புல இருந்து போயிட்டாரு. அவரு வேலை பாத்த கம்பெனி முதலாளியோட மனைவி பாதி யூதப் பொண்ணு, அவங்க பையனுக்கு 1938ல ஞானத்தகப்பனா நின்னவரு இந்த பிளாகெ. 1938ன்னா என்ன வருஷம்னு யோசிச்சுப் பாருங்க, நவம்பர்ல ஜெர்மனி பூரா யூதர்களோட ஜெப ஆலயங்கள கொளுத்துன அதே வருஷம்.

1941 ஜூன் கடைசியில வில்னியஸ் ஜெர்மன்காரங்க கைக்குப் போச்சு, ஜூலைல இவரு யூனிட் அங்க வருது, எச்கேபி 562ன்னு பேரு. ஊருல அப்போ 55,000க்கு மேல யூதர்கள். ஊருக்கு வெளியில பத்து கிலோமீட்டர் தூரத்துல பொனாரின்னு ஒரு காடு, சோவியத்காரங்க எண்ணெய் டேங்க் வைக்கிறதுக்காக பெரிய பெரிய குழியா வெட்டி பாதியில விட்டுட்டுப் போயிருந்தாங்க, அந்தக் குழியிலதான் ஆளுங்கள நிக்க வச்சு சுட்டாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே பாதிக்கு மேல போயிட்டாங்க.

இப்போ பிளாகெ என்ன பண்ணாருங்கிறதுக்கு வர்றேன். இவரு துப்பாக்கி எடுக்கல, வேலிய வெட்டல, பேப்பர்ல கையெழுத்து போட்டாரு. 1941 அக்டோபர்ல கெட்டோவுக்கு, அதாவது யூதர்கள அடைச்சு வச்ச பகுதிக்கு, 3,000 மஞ்சள் சீட்டு மட்டும் குடுத்தாங்க, ஜெர்மன்ல ஷைன்னு சொல்லுவாங்க, அந்த சீட்டு வச்சிருக்குறவரு, அவரு மனைவி, 16 வயசுக்குள்ள ரெண்டு புள்ளைங்க, இவ்வளவு பேருக்குத்தான் உயிர். மூணாவது புள்ளைக்கு இடம் கிடையாது, பெத்த அம்மாவுக்கு இடம் கிடையாது. கல்யாணம் ஆகாதவங்க முன்ன பின்ன தெரியாத பொண்ண மனைவின்னு எழுதுனாங்க, ரெண்டு புள்ளைக்கு கொறவா இருந்தவங்க பக்கத்து வீட்டுப் புள்ளைய தன் புள்ளைன்னு எழுதுனாங்க. அந்த சீட்டு யாருக்குன்னா ராணுவத்துக்குத் தேவைப்படுற கைத்தொழில்காரங்களுக்கு. பிளாகெ என்ன செஞ்சாருன்னா, முடி வெட்டுறவரு, செருப்பு தைக்கிறவரு, சமையல்காரர், டெய்லர், எல்லாரையும் வண்டி மெக்கானிக்குன்னு கணக்கு காமிச்சாரு. இவங்க இல்லன்னா லாரி ஓடாதுன்னு எழுதிக் குடுத்தாரு. ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதவங்க ஒர்க்‌ஷாப்புக்குள்ள வந்துதான் வேலையே கத்துக்கிட்டாங்க. தன்கீழ இருக்குற ஜெர்மன் ஆளுங்க யாரும் இவங்கள அடிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வச்சிருந்தாரு.

1943 ஜூன்ல நாஜிகளோட எஸ்.எஸ். படைக்குத் தலைவரான ஹிம்லர் அந்தப் பக்கத்து கெட்டோ எல்லாத்தையும் கலைக்கச் சொல்லி ஆர்டர் போட்டாரு. இங்கதான் பிளாகெ ஓடுன ஓட்டம். மேல இருக்குற ஆளுங்ககிட்ட போய்ப் போய் பேசி, தனி கேம்ப் வேணும், பொண்டாட்டி புள்ளைங்க கூட இருந்தாத்தான் ஆம்பளைங்க ஒழுங்கா வேலை பாப்பாங்கன்னு வாதாடி வாங்குனாரு. செப்டம்பர் 16ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேல ஆளுங்கள கெட்டோவுல இருந்து சுபோச் தெருவுக்கு மாத்துனாரு, ஏழைங்களுக்குன்னு முன்னாடி கட்டுன ரெண்டு பெரிய அடுக்குமாடிக் கட்டடம் அது. ஒரே வாரம், செப்டம்பர் 23 கெட்டோவ அழிச்சுட்டாங்க. பொம்பளைங்க சும்மா இருக்காங்கன்னு எஸ்.எஸ். கண்ணு வைக்கக் கூடாதுன்னு அப்புறம் உள்ளயே தையல் ஒர்க்‌ஷாப் வேற தொறந்தாரு.

துருப்பிடிச்சபூட்டு சொன்னது:

மேல எழுதுனவர் நல்லா எழுதிருக்காரு, ஆனா இத ஒருத்தர் கதையா மட்டும் படிச்சுட்டுப் போனா ஆபத்து, அதனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

போர் முடிஞ்சு ரொம்ப காலம், கொன்னது எல்லாம் எஸ்.எஸ்.தான், ராணுவம் சுத்தமான கைங்கிற பேச்சு ஜெர்மனியில ஓடிக்கிட்டே இருந்துச்சு. அது பொய். சோவியத் படையில இருக்குற கமிசார்கள, அதாவது கம்யூனிஸ்ட் கட்சியோட அரசியல் அதிகாரிகள, பிடிச்ச உடனே சுடணும்னு 1941 ஜூன்ல ஆர்டர் போட்டது ராணுவ தலைமையகம். அதே வருஷம் அக்டோபர்ல ஃபீல்ட் மார்ஷல் ரைஷெனாவ் தன் சிப்பாய்ங்களுக்கு அனுப்புன உத்தரவுல யூதர்கள்மேல கடுமையா நடந்துக்கிறது அவசியம்னு தெளிவாவே எழுதுனாரு. சோவியத் கைதிங்க ஏறக்குறைய 57 லட்சம் பேர பிடிச்சாங்க, அதுல 30 லட்சத்துக்கு மேல செத்தாங்க, நெறைய பேருக்கு பட்டினிதான் எமன், அந்த கேம்ப நடத்துனது பெரும்பாலும் ராணுவம்தான். 1995ல ஹாம்பர்க்ல இதையெல்லாம் போட்டோவோட கண்காட்சியா வச்சப்போ நாடே ரெண்டா பிரிஞ்சு சண்ட போட்டுச்சு, எங்க அப்பா அப்படி இல்லன்னு எத்தன பேர் அழுதாங்க தெரியுமா.

அப்போ பிளாகெய காமிச்சு பாத்தீங்களா ராணுவத்துல நல்லவங்க இருந்தாங்கன்னு சொல்றது எனக்கு ஒத்து வராது. நான் அவர திருப்பித்தான் படிக்கிறேன். காலு ஊனமான ஒரு ரிசர்வ் ஆபீசர், இந்தப் போர்ல முனையில நின்ன வீரன்கூட இல்ல, ஒரு ஒர்க்‌ஷாப் கமாண்டர், அவராலயே இவ்வளவு முடிஞ்சிருக்குன்னா அவரவிட பத்து மடங்கு அதிகாரம் கையில வச்சிருந்தவங்க ஏன் ஒண்ணுமே பண்ணல? ஆர்டர், மீறுனா சுட்ருப்பாங்கன்னு சொல்லுவாங்க. போருக்கு அப்புறம் நடந்த எத்தனையோ விசாரணையில, பொதுமக்கள சுட மாட்டேன்னு சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு ஜெர்மன்காரன கொன்னாங்கன்னு ஒரு கேஸ்கூட நிரூபிக்க முடியல. கேட்டவரோட ரெண்டாவது கேள்வி இருக்கே, லாரி ரிப்பேர் பண்ணது, அதுக்கு மழுப்பாம பதில் சொன்னா ஆமாதான், அந்த லாரி அந்தப் போருக்குத்தான் ஓடுச்சு. அந்தக் கணக்க அழிக்க முடியாது.

ராத்திரிவாசகன் சொன்னது:

பூட்டு சார் சொல்றது சரி. அதோட ஒரு ஆளையும் சேத்துப் பாக்கணும், ஏன்னா அதே வில்னியஸ்ல அதே சமயத்துல இன்னொருத்தர் இருந்தாரு, ஆண்டன் ஷ்மிட், வியன்னாக்காரர், ஆபீசர்கூட இல்ல, ஃபெல்ட்வெபல், சார்ஜென்ட் மாதிரி. யூனிட்ட விட்டுத் தனியா போன சிப்பாய்ங்கள சேத்து அனுப்புற ஆபீஸ் ஒண்ணு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருந்துச்சு, அதுக்கு இவரு பொறுப்பு. ராணுவ லாரியிலயே யூதர்கள ஏத்தி பியாலிஸ்டோக், லிடான்னு அப்போதைக்கு கொஞ்சம் பாதுகாப்பா இருந்த ஊருக்கு அனுப்புனாரு, 300 பேர் இருக்கும்னு சொல்றாங்க. கெட்டோவுல இருந்த எதிர்ப்புக் குழு ஆளுங்க அவரு வீட்லயே கூட்டம் போட்டாங்க. 1942 ஜனவரியில பிடிச்சாங்க, ஏப்ரல் 13ஆம் தேதி சுட்டுட்டாங்க.

ஷ்மிட் நேரா மோதுனாரு, சில மாசத்துல போயிட்டாரு. பிளாகெ விதிக்குள்ளயே நின்னு விதிய வளைச்சாரு, மூணு வருஷம் ஓட்டுனாரு. இதுல எது பெருசுன்னு தராசு வைக்க எனக்கு மனசு வரல. ஆனா பிளாகெ மாதிரி பண்றதுல ஒரு பயங்கரம் இருக்கு, கூடவே இருக்கணும், தினமும் எஸ்.எஸ். ஆளுங்களோட சிரிச்சுப் பேசணும், ஒரு வாரம் லீவுல போனாகூட என்ன ஆகும்னு தெரியாது. அப்படித்தான் ஆச்சு. 1944 மார்ச் 27, பிளாகெ ஊருக்கு லீவுல போயிருந்தப்போ எஸ்.எஸ். கேம்ப்புக்குள்ள புகுந்து புள்ளைங்கள எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க, 250 புள்ளைங்க கிட்ட. கட்டிலுக்கு அடியில, சுவத்துக்குப் பின்னாடின்னு ஒளிச்சு வச்ச சில புள்ளைங்கதான் மிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடியே தப்பி ஓடுன ஒரு குடும்பத்த பிடிச்சுட்டு வந்து கேம்ப் நடுவுல எல்லாரும் பாக்க கொன்னாங்க. மேஜரோட பாதுகாப்புன்னா அவ்வளவுதான், அவரு கை எட்டுற தூரம் வரைக்கும்தான்.

காகிதக்கப்பல் கேட்டது:

புள்ளைங்க விஷயம் எனக்குத் தெரியாது, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பிளாகெ கேம்ப்ல பேசுன அந்த கடைசி பேச்ச பத்தி சொல்லுங்க, எஸ்.எஸ். ஆளு பக்கத்துல நிக்கும்போதே எச்சரிக்கை குடுத்தாருன்னு நான் படிச்சதுல போட்ருக்கே, அது எப்படி முடிஞ்சது? கேட்டவங்களுக்கு எப்படி புரிஞ்சது?

பழையவரைபடம் சொன்னது:

1944 ஜூலை 1, சனிக்கிழமை. செஞ்சேனை பக்கத்துல வந்துருச்சு, குண்டு சத்தம் கேக்குது, எல்லாரும் இன்னும் சில நாள்தான்னு எண்ணிக்கிட்டு இருக்காங்க. ஆனா அந்த சில நாள்தான் கண்டம், ஏன்னா பின்வாங்கிப் போறப்போ எஸ்.எஸ். கேம்ப்ல யாரையும் விட்டுட்டுப் போகாதுன்னு பிளாகெவுக்குத் தெரியும். கேம்ப்ல எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சாரு. பக்கத்துல எஸ்.எஸ். ஆபீசர். அந்த நிலைமையில ஓடிப்போங்கன்னு சொல்ல முடியுமா?

அவரு சொன்னதோட சாரம் இதுதான், பொழைச்சவங்க பலபேர் தனித்தனியா சொன்னதுல ஒத்துப்போறது. முனை நெருங்குது, எச்கேபி மேற்குப் பக்கம் போகுது, உங்கள கூட்டிட்டுப் போக எனக்கு அனுமதி கிடைக்கல. வர்ற திங்கக்கிழமை 3ஆம் தேதி உங்கள வேற இடத்துக்கு மாத்துவாங்க, கூட வர்றது எஸ்.எஸ்., அகதிகள பாதுகாக்குறதுல அவங்க எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால நீங்க கவலப்பட வேண்டியதில்ல. பக்கத்துல நின்ன எஸ்.எஸ். காரனுக்கு இதுல குத்தம் கண்டுபிடிக்க எதுவுமே இல்ல. மூணு வருஷமா பொனாரி பேர கேட்டுக்கிட்டே இருந்தவங்களுக்கு எஸ்.எஸ். பாதுகாப்புன்னா என்னன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல. தேதிய சொல்லிட்டாரு, யாரு வருவாங்கன்னும் சொல்லிட்டாரு, அவ்வளவுதான் அவங்களுக்கு வேண்டியது.

மலினான்னு சொல்லுவாங்க, ஒளியிற எடம். மாசக்கணக்கா ராத்திரியில தரைக்கு அடியில, பரண்ல, ரெட்டைச் சுவர் எழுப்பி நடுவுலன்னு ஏற்கனவே தயார் பண்ணி வச்சிருந்தாங்க. அந்த சனி ஞாயிறுல பாதிப் பேருக்கு கிட்ட அதுக்குள்ள போயிட்டாங்க, சிலபேர் ஜன்னல் வழியா குதிச்சு ஓடுனாங்க. திங்கக்கிழமை காலையில ஆஜர் எடுத்தப்போ 500 பேர்தான் வந்து நின்னாங்க, அவங்கள பொனாரிக்கு கொண்டுபோய் சுட்டாங்க. அப்புறம் கட்டடத்த சல்லடையா சலிச்சு 200 பேருக்கு கிட்ட கண்டுபிடிச்சு கேம்ப் முற்றத்துலயே சுட்டாங்க. ஜூலை மாச வெக்கையில காத்து வராத பொந்துக்குள்ள ஆளுக்கு மேல ஆளா நெருங்கிக் கெடந்தவங்கள்ல மூச்சு முட்டி அங்கயே போனவங்களும் உண்டு. ஜூலை 13 செஞ்சேனை ஊரப் பிடிச்சப்போ உயிரோட இருந்தது 250 பேர் அளவுக்கு. வில்னியஸ் யூதர்கள்ல ஒரே எடத்துல இருந்து பொழைச்ச பெரிய கூட்டம் அதுதான்.

இப்போ உங்க மூணாவது கேள்வி. 1,200க்கு மேல ஆளுங்கள கேம்ப்ல வச்சிருந்தவரு, 250 பேர் பொழைச்சாங்க. நாம 250ஐ பாக்குறோம், அவரு மிச்சத்தப் பாத்தாரு. 1945 மே மாசம் அமெரிக்கர்கள்கிட்ட சரணடைஞ்சு வீட்டுக்குப் போனாரு, 1947ல டார்ம்ஸ்டாட்ல நாஜி தொடர்ப விசாரிக்கிற கோர்ட்டுக்கு போக வேண்டியிருந்துச்சு. ஸ்டுட்கார்ட் பக்கம் அகதி முகாம்ல இருந்த பழைய எச்கேபி ஆளுங்க விஷயம் கேள்விப்பட்டு, இவருக்குத் தெரியாமயே தங்கள்ல ஒருத்தர சாட்சி சொல்ல அனுப்புனாங்க. அந்த கோர்ட்டுல அஞ்சு தரம் உண்டு, முதல் தரம் பெரிய குற்றவாளி, கடைசி தரம் குற்றமற்றவர், நாலாவது மிட்லாய்ஃபர், அதாவது கூட்டத்தோட போனவன். அவரு நாலாவதத்தான் கேட்டாரு. இது நாடகம்னு எனக்குத் தோணல. 1931ல அந்தக் கட்சிக்கு தன் பேர குடுத்தவன் நான், வளத்து விட்டதுல எனக்கும் பங்கு இருக்குங்கிற எண்ணம் அவர விடவே இல்ல, வில்னியஸ்ல அவரு பண்ணது எல்லாமே அந்த எண்ணத்துல இருந்து வந்ததுதான்னு நான் நினைக்கிறேன். பூட்டு சார் சொன்ன லாரி கணக்கு அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ராத்திரிவாசகன் சொன்னது:

பட்டம் குடுக்குறதுக்கும் லேசுல குடுக்கல, அதையும் சொல்லிடறேன். 1957லயே பிளாகெ செத்துப் போயிட்டாரு, அவருக்குன்னு பேச ஆளில்ல. பொழைச்ச ஒரு அம்மாவோட பையன், மைக்கேல் குட்னு அமெரிக்காவுல டாக்டர், 1999ல குடும்பத்தோட வில்னியஸ் போனப்போ அம்மா சொன்ன கதையில இருந்து தேட ஆரம்பிச்சாரு. பொழைச்சவங்களுக்கு மேஜர் பிளாகெங்கிறதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, முதல் பேருகூட தெரியாது. யூனிட் நம்பர பிடிச்சு, உலகம் பூரா மெயில் போட்டு, கடைசியில டார்ம்ஸ்டாட் விசாரணை ஃபைல் வரைக்கும் போனாங்க. யாத் வாஷெம் ஆரம்பத்துல ஏத்துக்கல, காரணம் இவரு தன் உயிர பணயம் வச்சாருன்னு ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க, நாஜி கட்சி உறுப்பினர் வேற, கேக்கத்தான் செய்வாங்க. இன்னும் ஆவணம் தேடிக் குடுத்து 2004லதான் ஒத்துக்கிட்டாங்க, பட்டம் குடுத்த விழா 2005ல நடந்துச்சு. 2006ல டார்ம்ஸ்டாட் பக்கத்துல ஃபுங்ஸ்டாட்ல இருக்குற ராணுவ முகாமுக்கு அவரு பேர வச்சாங்க. ஷ்மிட் பேர்ல ரெண்ட்ஸ்பர்க்ல 2000ல இருந்தே ஒண்ணு இருந்துச்சு.

துருப்பிடிச்சபூட்டு சொன்னது:

நாலாவது தரத்த கேட்டு வாங்குனத நான் முன்னாடி பெருசா எடுத்துக்கல, இப்போ நீங்க சொன்ன வரிசையில படிக்கும்போது மனசுல தங்குது. எங்கிட்ட குற்றமில்லன்னு எழுதி வாங்க வரிசையில நின்ன காலம் அது, அக்கம்பக்கத்துல சர்டிபிகேட் வாங்கி வெளிய வந்தவங்கதான் நெறைய.

அந்தப் புள்ளைங்கள பத்தி கப்பல் கேட்டதால ஒண்ணு மட்டும் சொல்றேன். ஓவியர் சாமுவேல் பாக் அந்த கேம்ப்ல இருந்த பையன். 1933ல பொறந்தவரு, ஒன்பது வயசுலயே கெட்டோவுக்குள்ள அவரு படத்த கண்காட்சியில வச்சாங்க. மார்ச் 27 அன்னைக்கு எப்படியோ தப்பிச்சாரு, ஆனா அதுக்கு அப்புறம் கேம்ப்ல புள்ளைங்கன்னே யாரும் இருக்கக் கூடாது. அவங்க அப்பா கேம்ப்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு, மரத்தூள் மூட்டைக்குள்ள பையன வச்சுக் கட்டி, தோள்ல தூக்கிக்கிட்டு காவல்காரங்களத் தாண்டி கொண்டுபோய், வெளிய விட்டாரு. பையனும் அம்மாவும் கன்னியாஸ்திரி மடத்துல ஒளிஞ்சு பொழைச்சாங்க. அப்பாவ ஜூலைல பொனாரியில சுட்டுட்டாங்க, செஞ்சேனை வர்றதுக்கு பத்து நாள் முன்னாடி. வில்னியஸ்ல 2017ல சாமுவேல் பாக் பேர்லயே ஒரு மியூசியம் தொறந்துருக்காங்க, ஊர் பக்கம் போறவங்க பாருங்க.

காகிதக்கப்பல் சொன்னது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லாரி கேள்விக்கு பூட்டு சார் சொன்ன பதில அப்படியே எடுத்துக்கிறேன், மூணாவது கேள்விக்கு வரைபடம் ப்ரோ சொன்னத. ஷ்மிட் பத்தி நான் இதுவரைக்கும் படிச்சதே இல்ல, இன்னைக்கு ராத்திரி அதுதான்.